புகைக்குழாய் வைத்தியர்

மணமேல்குடியில் கிழக்குக் கடற்கரைச் சாலையோரத் தேநீர்க் கடையருகே பழுதான கார் ஒன்று நின்றால், இயந்திரம் அணைவதற்குள் அதன் பின்புறம் குனிந்து மூக்கை நீட்டுபவரைப் புகைக்குழாய் வைத்தியர் என்னும் இனத்தில் சேர்க்கலாம். ஸ்பேனரைத் தொட்டால் வேட்டி கறைபடும் என்பதால் இவ்வினத்தார் நோயறிவதோடு நிறுத்திக்கொள்வர்.

எந்தக் காருக்கும் இவர் காணும் நோய் ஒன்றே: கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் போய்விட்டது. வினையூக்கி மாற்றி எனப்படும் இவ்வுறுப்பு, நுண்துளைகள் நிறைந்த பீங்கான் கட்டியின்மேல் பூசிய பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகியவற்றின் துணையால் புகையின் நச்சை முறிப்பது. 1995 ஏப்ரலில் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் விற்ற புதிய பெட்ரோல் கார்களுக்கே இது முதலில் கட்டாயமானதால், மணமேல்குடி வைத்தியரின் தொழில் சற்றுத் தாமதமாகத் தொடங்க நேர்ந்தது.

அவர் கூறும் அறிகுறிகள் பொய்யல்ல என்பதுதான் சிக்கல். அழுகிய முட்டை நாற்றம், தட்டினால் கடகடவென்னும் ஒலி, ஏற்றத்தில் இழுவைக் குறைவு ஆகிய மூன்றும் மெய்யான அறிகுறிகளே. ஆயினும் கருவாடு காயும் கரையில் முட்டை நாற்றத்தைப் பிரித்தறியும் மூக்கு அரிது. ஒலியோ பெரும்பாலும் உப்புக்காற்றில் துருவேறிய வெப்பத்தடுப்புத் தகட்டினுடையது. ஏற்றம் என்று சொல்ல ஊரில் வேகத்தடையை விட்டால் வேறு அதிகமில்லை.

மெக்கானிக்கின் வழி வேறு. மாற்றிக்கு முன்னுள்ள ஆக்சிஜன் சென்சாரின் அளவு ஏறி இறங்க, பின்னுள்ளது ஏறக்குறைய நிலையாக இருந்தால் மாற்றி நலம். இரண்டும் ஒருபோல ஆடினால் ஐயம் எழும். அதுவும் ஐயமே, குழாய் இணைப்பின் பேக்கிங் கசிந்து வெளிக்காற்று புகுந்தாலும் சென்சார் ஏமாறக்கூடும். மேலும், பிளக் பழுதால் எரியாது வந்த பெட்ரோல் மாற்றிக்குள் எரிந்து பீங்கானை உருக்கியிருந்தால், பிளக்கைக் கவனியாமல் பூட்டும் புது மாற்றியும் உருகும்.

இத்தனை பொறுமை வைத்தியர் மரபில் இல்லை. "தம்பி, உள்ள இருக்குற கல்லக் குத்தி எடுத்துரு, வண்டி பறக்கும்" என்று அறுவைச் சிகிச்சையை அவர் பரிந்துரைப்பார். அதற்கு இணங்கிய கார் புகைச் சோதனையில் தோற்றால், சோதனைக் கருவிக்கே நோய் என்பார். பேக்கிங்கை மாற்றியதும் எச்சரிக்கை விளக்கு அணைந்தாலோ, தாம் தட்டிய தட்டில் அடைப்பு விலகியது என்பார். புகைக்குழாயே இல்லாத மின்சாரக் கார் வந்து நின்றாலும் இவர் கலங்குவதில்லை. நெடுநேரம் குனிந்து தேடிவிட்டு, உள்ளிருக்கும் பிளாட்டினத்துக்கு ஆசைப்பட்டு எவனோ குழாயோடு கழற்றிப் போய்விட்டான் என்று உரிமையாளருக்கு ஆறுதல் கூறுவார்.