மேடில்லாத் தீவின் மலைவீரர்

நெடுந்தீவுக்கு மலைச் சைக்கிளோடு வந்து இறங்கும் தம்பிமாரை வேறு யார் பாராட்டாவிட்டாலும் நான் பாராட்டியே தீருவேன். பவளக்கல்லும் பனையும் புல்வெளியுமாய்த் தட்டையாகக் கிடக்கிற தீவு அது. ஏற மேடில்லை, இறங்கச் சரிவில்லை. அங்கே முன்னும் பின்னும் சஸ்பென்சன், 12 கியர், இறக்கத்தில் தாழ்த்திக்கொள்ளப் பொத்தான் வைத்த சீற் என்று ஆயத்தமாக வருவதற்கு எவ்வளவு முன்யோசனை வேண்டும்! கடல் ஒருநாள் வற்றிப்போனால் அந்தச் சரிவில் இறங்க அவர்கள் மட்டுமே தயார்.

எங்களுக்கும் ஒரு மலை இருக்கிறது. அதற்குச் சோழகக் காற்று என்று பெயர். பண்ணைப் பாலத்தில் பிடித்தால் வேலணை தாண்டிப் புங்குடுதீவு வரை முகத்தில் அறையும். கரியரில் பிள்ளையும் ஹாண்டிலில் பையுமாக, ஒற்றைக் கியரில் அதை மிதித்தவர்கள் எங்கள் ஆட்கள், விவரமில்லாதவர்கள். மலைவீரரோ சைக்கிளை வானின் முதுகில் கட்டிக் குறிகட்டுவான் இறங்குதுறையில்தான் இறக்குவார். கியரில் காற்றுப் படக்கூடாதல்லவா?

இந்த விளையாட்டைத் தொடக்கியவர்களுக்கு இந்த நுட்பம் போதாது. 1976 இல் கலிபோர்னியாவின் மலைச்சரிவொன்றில் பழைய சைக்கிள்களில்தான் போட்டி வைத்தார்கள். பெடலைப் பின்னுக்கு மிதித்தால் பிடிக்கும் பிறேக். கீழே வந்து சேர்வதற்குள் அதிலிருந்த கிறீஸ் புகைந்து தீர்ந்துவிடும். 1990களில் பொருளாதாரத் தடைக்குள் பெற்றோல் இல்லாமல் இருந்த யாழ்ப்பாணமும் அப்படித்தான். நோயாளியையும் விறகையும் சைக்கிளில் ஏற்றியது. டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டது. கிடங்கு விழுந்த ஒழுங்கைக்கு ‘டெக்னிக்கல் செக்‌ஷன்’ என்று பெயரிருப்பது மட்டும் தெரிந்திருந்தால் எவ்வளவு கௌரவமாக விழுந்திருப்போம்!

மலைவீரரின் அடக்கம் இன்னும் பெரிது. அமெரிக்காவில் 1988 இல் தொடங்கிய சர்வதேச மலைச் சைக்கிள் சங்கம் பாதை ஒழுக்கத்துக்கு விதிகள் எழுதி வைத்திருக்கிறது. நடந்து வருபவருக்கு வழிவிடு, குதிரைக்கு வழிவிடு, விலங்கை வெருட்டாதே, ஈரத்தரையில் தடம் பதிக்காதே. ஒல்லாந்தர் காலத்துக் குதிரைகளின் வழிவந்தவை இன்னமும் கட்டில்லாமல் மேயும் நெடுந்தீவுக்கென்றே எழுதியதுபோல இருக்கிறது. சஸ்பென்சனின் பெயர்களெல்லாம் மனப்பாடமான வீரர் இந்தப் பக்கத்தை மட்டும் புரட்டவில்லை. நல்லவற்றைப் பிறருக்கு விட்டுவைக்கும் பெருந்தன்மைதான்.

ஆவணி வெயிலில் நீர்நிலைகள் வற்றும். தண்ணீர் தேடி நடந்தே குதிரைகள் மெலியும். கடும் வரட்சியில் செத்தும் விழுந்திருக்கின்றன. அவற்றுக்கு உடற்பயிற்சி போதவில்லை என்று கண்டுபிடித்தவர் நம் வீரர்தான். தலைக்கவசத்தில் கமராவைப் பொருத்திக்கொண்டு துரத்துகிறார். கார்த்திகை மழையில் ஊறிய மேய்ச்சல் தரையிலோ பின்சக்கரத்தைச் சறுக்கவிட்டுக் கோடு கீறுகிறார். புல் முளைக்காவிட்டால் என்ன, கோடு அழியாமல் இருக்கும்.

கல்வேலிகளைப் பற்றிச் சொல்லாமல் விடக்கூடாது. சுண்ணாம்பு, சீமெந்து எதுவுமில்லாமல் பவளக்கல்லைக் கல்மேல் கல்லாகப் பொருத்தி அடுக்கியவை அவை. ஒரு கல்லுக்கு இடம் பார்க்கவே கை பழகியிருக்க வேண்டும். சுண்ணாம்பு வைக்காததன் காரணம் இத்தனை காலமாக எங்களுக்கு விளங்கவில்லை. நாலு கல்லைச் சுலபமாகக் கழற்றித் துள்ளுமேடை கட்டுவதற்காம்! திருப்பி அடுக்கி, செய்தவனின் கைவேலையோடு போட்டி போடும் அகந்தையும் வீரருக்குக் கிடையாது. கிடந்தபடியே விட்டுப் போகிறார். வேலியின் ஓட்டைக்குள்ளால் ஆடுகள் தோட்டத்துக்குள் போய்ப் பசியாறுகின்றன.

சைக்கிளில் மணியும் இல்லை, பாரம் குறைத்திருக்கிறார். நயினாதீவில் நாகபூசணி அம்மன் கோயிலடியில் இறங்கி உருட்டுவது எங்கள் பட்டிக்காட்டு வழக்கம். அவர் வெறுங்காலோடு நடக்கும் அடியார்களுக்கு இடையே வளைந்து நெளிந்து பயிற்சி எடுக்கிறார். விலகத் தெரியாத கிழவர்களுக்கு அவரால்தான் இந்த வயதிலும் துள்ளத் தெரிந்திருக்கிறது.

ஆகவே, ஆச்சிமாரே, மாலைப் படகில் அவருடைய சைக்கிள் நடுவே குறுக்காகப் படுத்திருந்தால் முகம் சுளிக்காதீர்கள். ஓரமாக நின்றுகொள்ளுங்கள். பாரம் கூடிவிட்டது என்று படகுக்காரர் சத்தம் போட்டால் உங்கள் கடகங்களை இறக்கிவிடலாம்.