கடாரம் கொள்ளப் போகும் மச்சான்

சதுரங்கப்பட்டினத்துக்கு வந்த முதல் சுற்றுலாப் பயணிகள் டச்சுக்காரர்கள் என்பது என் கட்சி. அவர்கள் துணி வாங்க வந்தார்கள், கோட்டை கட்டினார்கள் என்றுதான் பாடப்புத்தகம் சொல்லும். சரித்திர வாத்தியாராக இருந்த காலத்தில் நானும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன். ஆனால் திருக்கழுக்குன்றம் மலையில் இருக்கும் ஒருகல் மண்டபத்துக்குப் போய்ப் பாருங்கள். பல்லவர்கள் குடைந்த தூண்களில் 17ஆம் நூற்றாண்டு டச்சுக்காரர்கள் தங்கள் பெயரை வெட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். கிடங்கில் உட்கார்ந்து துணிக்கட்டு எண்ணவேண்டிய ஆட்கள், வெயிலில் கிளம்பிப் போய், மலையேறி, மூச்சு வாங்கி, தூணில் பெயர் வெட்டியிருக்கிறார்கள். இதற்குச் சுற்றுலா என்று பெயரில்லாமல் வேறு என்ன? இன்றைக்கு அதே மலையில் அம்பு துளைத்த இதயம் வரைகிறவனைக் காவலர் துரத்துகிறார். முந்நூறு வருடம் பொறுத்தால் அதற்கும் தொல்லியல் துறை ஒரு நீலப் பலகை வைத்துவிடும்.

இந்த டச்சுக்காரர்கள் சொந்த ஊரில் 'கொல்ஃப்' என்று ஒரு மட்டைப்பந்து ஆடிக்கொண்டிருந்தவர்கள். ரெம்பிராண்ட் 1654-ல் ஒரு கொல்ஃப் ஆட்டக்காரனைச் செப்புத்தகட்டில் கீறி வைத்திருக்கிறார். அமெரிக்காவில் அவர்கள் குடியேறிய ஃபோர்ட் ஆரஞ்சில் (இப்போது ஆல்பனி) தெருவெல்லாம் ஜன்னல் உடைகிறதென்று 1659-ல் இந்த ஆட்டத்துக்குத் தடையே போட்டார்கள். மீறினால் அபராதம் 25 ஃப்ளோரின். கோல்ஃப் இதிலிருந்து வந்ததா என்று கேட்டால் ஸ்காட்லாந்துக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். அவர்கள் நாட்டில் அரசரே 1457-ல் கோல்ஃபைத் தடை செய்துவிட்டார். தடை செய்யப்பட்டதுதான் இரண்டு நாட்டுக்கும் பெருமை. எப்படியோ, மட்டை பிடித்த சாதி கோயில் மலை ஏறும் வழக்கம் எங்கள் பக்கத்தில் 350 வருடப் பழக்கம். அதனால் என் மச்சான் கோல்ஃபையும் கோயிலையும் ஒரே டிக்கெட்டில் கட்டிக்கொண்டு வந்தபோது, வீட்டில் ஆச்சரியப்படாதவன் நான் ஒருவன்தான்.

மச்சான் சிறுசேரியில் கணினி வேலை. மேலதிகாரி ஒருவரின் தயவுக்காக நந்தனம் திடலில் போய் மட்டை பிடித்தவன். மேலதிகாரி வேறு கம்பெனிக்குப் போய்விட்டார், மட்டை இவனிடமே தங்கிவிட்டது. அக்காவையும் அம்மாவையும் எங்காவது கூட்டிப்போக வேண்டும் என்று கம்போடியாவின் சியம் ரீப்பைத் தேர்ந்தெடுத்தான். "அங்கோர் வாட் இருக்கு மாமா, உங்களுக்குச் சொல்லவே வேணாம்" என்றான். சொல்ல வேண்டிய மீதியைப் பயண ஏஜென்ட் அனுப்பிய அட்டவணை சொன்னது. அதில் எல்லாக் காலைக்கும் நேராக ஒரு கொடி போட்டிருந்தது.

"டேய், கோயிலும் கோல்ஃபும் எப்படிடா ஒத்துவரும்?" என்றாள் அவன் அக்கா.

மச்சானிடம் பட்டியல் தயாராக இருந்தது. டெல்லி கோல்ஃப் கிளப்பில் மொகலாயர் காலத்துக் கல்லறைகளுக்கு நடுவில்தான் ஆடுகிறார்கள். கொழும்பில் திடலுக்குள்ளேயே ரயில் போகிறது. ரயிலுக்காக ஆட்டம் நிற்கும். தாய்லாந்தின் முதல் திடலான ஹுவா ஹினை 1924-ல் ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்னாலேயே திறந்தார்கள். கொடைக்கானலில் காட்டெருமை நிற்கிறது. இதில் கோயில் எங்கே வந்தது என்று கேட்கலாமென்று வாயெடுத்தேன். அதற்குள் அத்தை சம்மதித்துவிட்டார். "புள்ள ஆசையா கூப்புடுறான் மாப்ளே. விடுங்க."

அவர் சம்மதத்துக்குக் காரணம் பையைப் பார்த்ததும் புரிந்தது. கோல்ஃப் பை என்பது நின்றவாக்கில் ஓர் ஆள் உயரம். பக்கவாட்டில் வரிசையாக ஜிப்பு வைத்த அறைகள். அத்தை அதைப் பார்த்த பார்வையில், நிலம் வாங்கப் போகிறவரின் கண்ணில் தெரிகிற கணக்கு தெரிந்தது. பந்து வைக்கும் அறையில் அப்பளக்கட்டு. மழைச்சட்டை அறையில் புளிக்காய்ச்சல் டப்பா. நீள அறையில், மட்டைகளோடு மட்டையாகப் பூரிக்கட்டை. கோல்ஃப் விதிப்படி பையில் 14 மட்டைக்கு மேல் இருக்கக்கூடாது. மீறினால் ஒரு குழிக்கு இரண்டு அடி அபராதம். சென்னை விமான நிலையத்தில் எக்ஸ்ரே திரையைப் பார்த்த அதிகாரி வெகுநேரம் யோசித்துவிட்டு, "இது எத்தனாம் நம்பர் சார்?" என்றார். மச்சான் தலை குனிந்து, "அது அம்மாவோடது" என்றான்.

அட்டவணைச் சண்டைக்கு வருகிறேன். கோல்ஃபையும் கோயிலையும் சேர்த்து விற்கிறவர்கள் ஒரு விஷயத்தை மறைக்கிறார்கள்: வெப்பநாட்டில் இரண்டுக்கும் காலை நேரம்தான் வேண்டும். பத்து மணிக்கு மேல் திடலில் நின்றால் மண்டை உருகும். கோயில் கல்லில் கால் வைத்தால் பொசுங்கும். அதனால்தான் அந்த ஊரில் விடிகாலை ஐந்து மணிக்குப் பாதி ஜனம் கேமராவோடும் மீதி ஜனம் மட்டையோடும் எதிரெதிரே வண்டியில் போகிறது. மூன்று நாளுக்கு 62 டாலர் கொடுத்து அங்கோர் சீட்டு வாங்கியிருக்கிறோம், காலையை விடமாட்டேன் என்று என் மனைவி நின்றாள். தன் ஒரு காலைக்கு எவ்வளவு கட்டினான் என்பதை மச்சான் அக்காவிடம் இன்றுவரை சொல்லவில்லை.

இங்கே என் சரித்திரம் கைகொடுத்தது. அங்கோர் வாட் மேற்குப் பார்த்த கோயில். விடியலில் போனால் கோபுரத்தின் முதுகுப்பக்கம் சூரியன் எழும்பும். கறுப்பு நிழல்தான் படத்தில் விழும். கோயிலின் முகத்தில் வெளிச்சம் படுவது சாயங்காலம். நம் மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலில் பெரிய சந்நிதி கிழக்குப் பார்த்தது, அங்கேதான் விடியற்காலை போக வேண்டும் என்று ஒரு பாடமே எடுத்தேன். மனைவி அரைமனதாக இறங்கினாள். மச்சான் கண் கலங்கி என் கையைப் பிடித்துக்கொண்டான். அவனுக்காக நான் விட்டுக்கொடுத்ததாக நினைத்துவிட்டான். நான் மறுக்கவில்லை.

திடலில் காலர் வைத்த சட்டை இல்லாமல் நிற்கக்கூடாது. ஆகவே என் ஜிப்பா அறையிலேயே ஓய்வெடுத்தது. கோயிலின் மேல்தளத்துக்கு முட்டியும் தோளும் மூடாமல் ஏறக்கூடாது. ஆகவே மச்சானின் அரைக்கால் சட்டை படியடியிலேயே நின்றது. எப்போதும் என் பையில் இருக்கும் நாலு முழ வேட்டியைக் கொடுத்தேன். கையுறையைக் கழற்ற மறந்து, காலர் சட்டையும் வேட்டியுமாக அந்தச் செங்குத்துப் படியில் அவன் ஏறியபோது, பார்க்க முதல்முறையாக மாப்பிள்ளைக் களை இருந்தது என்று அத்தையே சொன்னார்.

நான் எதிர்பார்க்காதது, அவன் கோயில் பார்த்த விதம். நாங்கள் எல்லோரும் அண்ணாந்து பார்த்தோம், படம் எடுத்தோம். அவன் தூரம் பார்க்கும் கருவியைக் கண்ணில் வைத்து அகழியை அளந்தான். "அக்கரைக்கு 200 கஜம் சொச்சம் மாமா. அஞ்சாம் நம்பர் அயர்ன்ல தாண்டிடலாம்." கோயிலைக் கட்டிய இரண்டாம் சூரியவர்மன் எதிரிகளுக்காக யோசித்திருப்பானே தவிர சிறுசேரிக்காரனை யோசித்திருக்க மாட்டான். பாற்கடல் கடையும் சிற்பத்தின் எதிரில் வழிகாட்டி, வாசுகியை இழுக்கும் அசுரர் 92, தேவர் 88 என்றார். நாங்கள் தலையாட்டினோம். மச்சான் மட்டும், "அந்தப் பக்கம் நாலு பேர் கூட. ஹாண்டிகேப் குடுத்திருக்காங்க" என்றான். வழிகாட்டி அதைக் கையேட்டில் குறித்துக்கொண்டார். அடுத்த குழுவுக்குச் சொல்வார் என்று நினைக்கிறேன்.

அதற்குப் பதிலாக நானும் திடலில் என் கடமையைச் செய்தேன். அங்கே மட்டைப்பை சுமக்கும் கேடிகள் எல்லாம் பெண்கள். வெயிலுக்குத் தலை முதல் கால் வரை போர்த்தியிருப்பார்கள். மச்சானின் கேடி மார்பில் கெமர் எழுத்தில் பெயர் அட்டை. இந்த எழுத்தின் மூதாதை பல்லவ கிரந்தம், அதாவது எங்கள் ஊர்ப்பக்கத்து எழுத்து என்று அந்தப் பெண்ணுக்கு விளக்கத் தொடங்கினேன். எனக்கு கெமர் தெரியாது, அவளுக்குத் தமிழ் தெரியாது, இருவருக்கும் ஆங்கிலம் அளவோடுதான். ஆனாலும் பொறுமையாகக் கேட்டாள். அந்த நேரத்தில் மச்சான் மட்டையை ஓங்கியிருந்தான் என்பதும், ஓங்கியவன் எதிரில் யாரும் பேசக்கூடாது என்பதும் பந்து குளத்தில் விழுந்தபிறகு சொல்லப்பட்டது.

உண்மையிலேயே இரண்டும் ஒத்துப்போன இடம் ஒன்று உண்டு. சியம் ரீப்பின் போகீத்ரா திடலில், ஒன்பதாம் குழிக்கும் பத்தாவதுக்கும் நடுவில் 11ஆம் நூற்றாண்டுக் கெமர் பாலம் ஒன்று நிற்கிறது. ஆட்டக்காரனுக்குப் பாதி ஆட்டம் முடிந்து தண்ணீர் குடிக்கும் இடம். எனக்கோ ஆயிரம் வருடத்துக் கல். இருவரும் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் சந்தோஷமாக இருந்தோம். பின்னால் ஆடி வந்த கொரியர்கள் கனைக்கும்வரை இருந்தோம். அந்த இடைவேளையில் மச்சான், தன் ஆயுசில் ஒரே ஒரு தடவை ஈகிள் போட்ட கதையை ஆரம்பித்தான். குழியில் விழவேண்டிய கணக்குக்கு இரண்டு அடி குறைவாகப் போட்டால் அந்தப் பெயராம். அத்தை பூரிக்கட்டை விஷயத்தில் இன்னும் கோபமாக இருந்தார். "திருக்கழுக்குன்றத்துல தினம் உச்சிக்கு ரெண்டு வந்துச்சு. சர்க்கரைப் பொங்கல் தின்னுட்டுப் போச்சு. இப்பதான் வர்றதில்ல" என்று முடித்துவிட்டார்.

ஊர் திரும்பியதும் மச்சானுக்கு மாமல்லபுரத்தை மறுபடி பார்க்க வேண்டும் என்று ஒரு வெறி. பள்ளிக்கூட டூரில் வந்தது போதும் என்றிருந்தவன்! கடற்கரைக் கோயிலைச் சுற்றித் தொல்லியல் துறை வளர்க்கும் புல்தரையைக் காலால் அழுத்திப் பார்த்து, "ஃபேர்வே மாதிரி வெச்சிருக்காங்க" என்றான். காவலரின் விசில் அதற்குப் பதில் சொன்னது. பெரிய பாறைச் சிற்பத்துக்கு முன்னால், ஒற்றைக்காலில் கையைத் தூக்கி நிற்கிறவர் அர்ஜுனனா பகீரதனா என்று அறிஞர்கள் நூறு வருடமாகச் சண்டை போடுகிறார்கள் என்றேன். "பக்கத்துலயே தண்ணி ஓடுதே மாமா. பந்து அதுல விழுந்திருக்கும். நானும் இப்படித்தான் நிப்பேன்."

அடுத்தது கிருஷ்ணனின் வெண்ணெய் உருண்டை. சுமார் 250 டன் என்கிறார்கள். கோல்ஃப் பந்து 45.93 கிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது விதி. மச்சான் கைபேசியில் போட்டுப் பார்த்து, ஐம்பத்து நாலு லட்சம் பந்து என்றான். 1908-ல் கவர்னர் ஆர்தர் லாலி ஏழு யானைகளைக் கட்டி இழுத்தும் இது அசையவில்லை என்று வழிகாட்டிகள் சொல்லும் கதையைச் சொன்னேன். அவன் கேட்கவில்லை. தரையில் குந்தி, ஒரு கண்ணை மூடி, புட் அடிக்கும் முன் பார்ப்பதுபோலச் சரிவைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு எழுந்து பின்பக்கம் போனான். வருகிறவர்கள் எல்லோரும் முன்பக்கம் நின்று, உருண்டையைக் கையால் தாங்குவதுபோல் படம் எடுத்துக்கொண்டு போகிறவர்கள்தாம். சீன அதிபரும் நம் பிரதமரும்கூட 2019-ல் முன்னால் நின்று கை கோத்துத் தூக்கிவிட்டுப் போய்விட்டார்கள். பின்பக்கம் போய்ப் பார்த்தால் அது உருண்டையே இல்லை. சிதைந்து பாதியாகத்தான் இருக்கிறது. "உருளாத பந்துக்கு யானையை ஏன் மாமா கஷ்டப்படுத்தினாங்க?" என்றான். கோல்ஃப்காரர்களுக்கு ரசனை கிடையாது என்று நான் கொஞ்சநாளாகச் சொல்லிவந்ததை அன்றோடு நிறுத்திக்கொண்டேன். தரையைப் பார்க்கத் தெரிந்தவர்கள் அவர்கள்தாம். நமக்கு அண்ணாந்து பார்க்க மட்டுமே பழக்கம்.

இப்போது அடுத்த பயணத்துக்குத் திட்டம் ஓடுகிறது. மலேசியாவில் கெடா. ராஜேந்திர சோழன் 1025-ல் கப்பலில் படை அனுப்பி வென்ற கடாரம். அங்கே சுங்கைப்பட்டாணியில் சிந்தா சாயாங் என்ற திடல் இருக்கிறது; அங்கிருந்து வண்டியேறினால் பூஜாங் பள்ளத்தாக்கு. 1824 ஒப்பந்தத்தில் டச்சுக்காரர்கள் மலாக்காவையும் எங்கள் சதுரங்கப்பட்டினத்தையும் சேர்த்து ஆங்கிலேயரிடம் கொடுத்து, சுமத்ராவின் பென்கூலனை வாங்கிக்கொண்டவர்கள். ஆகவே தென்கிழக்காசியப் பேக்கேஜில் எங்கள் ஊர் ஏற்கெனவே ஒருமுறை போய்வந்ததுதான் என்று நானும் ஆதரவு தந்தேன்.

சிக்கல் வேறு இடத்தில். மனைவி இந்த முறை நிபந்தனையை எழுதியே வாங்கிவிட்டாள்: ஒன்பது குழிக்கு ஒரு கோயில். பூஜாங்கில் பெரும்பாலும் அடித்தளம்தான் மிஞ்சியிருக்கிறது, மேலே கோபுரம் கிடையாது என்று நான் உண்மையைச் சொல்லப்போக, அதைக் கோயில் கணக்கில் சேர்க்கலாமா என்று அக்காவுக்கும் தம்பிக்கும் மூண்டுவிட்டது. அடித்தளத்துக்கு முழுக் கோயில் கேட்கிறான் மச்சான். அரைக் கோயில்தான் தருவேன் என்கிறாள் அவள். நாலரைக் குழியில் ஆட்டத்தை எப்படி நிறுத்துவது என்று அவன் கேட்க, "அதுக்குத்தான் அஞ்சாம் நம்பர் அயர்ன் வெச்சிருக்கியே, தாண்டிடு" என்று அத்தை உள்ளேயிருந்து குரல் கொடுக்கிறார். ஏஜென்ட் முன்பணம் கேட்டு தினமும் போன் செய்கிறார்.