வீட்டிலிருந்து தொற்றும் நோய்

1998 ஜூனில் கலிபோர்னியா மாநிலம் ஒரு தொற்றுநோயைக் கண்டுபிடித்தது. பெயர் ஸ்பானிஷ். தாய் கொஞ்சக் கொஞ்சக் குழந்தைக்கு ஒட்டிக்கொள்ளும். லாஸ் ஏஞ்சல்ஸ் அரசுப் பள்ளிகளில் லட்சக்கணக்கான பிள்ளைகளுக்கு அது முற்றியிருந்தது.

வைத்தியர் ரான் அன்ஸ், மென்பொருளில் பணம் பார்த்தவர். மருந்துச் சீட்டின் பெயர் முன்மொழிவு 227. ஒரு வருடம் ஆங்கிலத்தில் முக்கி எடு, பிறகு சாதாரண வகுப்பில் தள்ளிவிடு. ஓட்டுப் போட்டவர்களில் 61 சதவீதம் பேர் ஆமோதித்தார்கள். மருந்தைக் குடிக்கப்போகும் பிள்ளைகளுக்கு ஓட்டில்லை. குடியுரிமை இல்லாத பெற்றோருக்கும் இல்லை. 'அரை' என்பதை ஸ்பானிஷில் 'மிதாத்' என்று சொல்லிப் புரியவைப்பேன் என்று ஆசிரியர் பிடிவாதம் பிடித்தால், அவர்மீதே வழக்குப் போடலாம்.

அதற்கு முன் ஸ்பானிஷில் பாடம் நடத்திய முறை ஒழுங்காக இருந்ததா? இல்லை. 1996இல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒன்பதாவது தெருப் பள்ளியில் ஸ்பானிஷ் பேசும் பெற்றோரே ஆங்கிலம் கேட்டுப் பிள்ளைகளை அனுப்ப மறுத்தார்கள். கூரை ஒழுகுகிறது என்றார்கள். வீட்டையே இடித்துக் கொடுத்தது மாநிலம்.

கருணையும் காட்டினார்கள். பெற்றோர் நேரில் வந்து கேட்டால், மூன்று வகைப் பிள்ளைகளுக்கு விலக்கு. பத்து வயதானவர்கள் ஒரு வகை. உடலிலோ மனத்திலோ தனித் தேவை உள்ளவர்கள் இன்னொரு வகை. அவர்களும் முப்பது நாள் ஆங்கில வகுப்பில் உட்கார்ந்து காட்ட வேண்டும். மூன்றாவது வகைதான் முத்து: ஏற்கெனவே நன்றாக ஆங்கிலம் தெரிந்த பிள்ளை! ஏப்பம் விடுகிறவனுக்கு இலை போடு, பசித்தவனை வாசலில் நிறுத்து.

சட்டம் உயிரோடிருக்கும்போதே, 2011இல், இரண்டு மொழி எழுதப் படிக்கத் தெரிந்த மாணவரின் பட்டயத்தில் முத்திரை குத்தச் சட்டம் போட்டது அதே மாநிலம். 2016இல் 73 சதவீதம் பேர் சேர்ந்து தடையை நீக்கினார்கள். நோய்க்குத் திறமை என்று புதுப் பெயர். இருமொழி வகுப்பில் இடம் பிடிக்க, வீட்டில் ஆங்கிலம் மட்டுமே பேசும் பெற்றோரும் வரிசையில் நிற்கிறார்கள். ஸ்பானிஷ் பேசும் பிள்ளையும் அங்கே வேண்டும்தான், பக்கத்து இருக்கைக்காரனின் உச்சரிப்புக்கு மெருகேற்ற.

ஸ்பானிஷில் பாடம் நடத்த ஆளில்லையே என்று இப்போது கையைப் பிசைகிறார்கள். 1998இல் ஆறு வயதில் வைத்தியத்துக்கு ஆளானவளுக்குத் தடை நீங்கியபோது 24 வயது. அவளைக் கூப்பிடுங்களேன். வருவாள். அம்மாவோடு பேசத் தெரியும் அவளுக்கு. அம்மாவுக்கு ஒரு கடிதம் எழுதத் தெரியாது.