எங்களையும் தேராகக் கருதக் கோரும் மனு

அனுப்புநர்:
இரண்டு கால், சில நேரம் இரண்டு சக்கரம்,
டவுன் – ஜங்ஷன் – பாளையங்கோட்டை.

பெறுநர்:
திருநெல்வேலியில் பிளாட்பாரத்துக்குப் பொறுப்பான அதிகாரி அவர்கள்
(பணியிடம் காலியாக இருந்தால், அந்த நாற்காலி).

பொருள்: நடப்பவர்களையும் சைக்கிளில் போகிறவர்களையும் தேராகக் கருத வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: தங்களுடையது. இதுவரை எங்கள்மேல் விழவில்லை.

ஐயா,

பெயரும் முகவரியும் இல்லாமல் எழுதுவதற்குப் பொறுத்துக்கொள்ள வேண்டும். விசாரிக்காமல் இல்லை. ரோடு ஒரு துறைக்கு, ரோட்டின் ஓரம் இன்னொரு துறைக்கு, ஓரத்தில் நிற்கிற கம்பம் மூன்றாவது துறைக்கு, கம்பத்தில் கட்டிய பிளெக்ஸ் காதுகுத்து வீட்டுக்காரருக்கு என்று எல்லாவற்றுக்கும் ஆள் சொன்னார்கள். ஓரத்தில் நடக்கிற கால் எந்தத் துறையின் கீழ் வருகிறது என்று கேட்டபோதுதான், "நாளைக்கு வாங்க அண்ணாச்சி" என்று பதில் வந்தது.

ஆகவே விஷயத்துக்கு வந்துவிடுகிறோம். ஆனி மாதம் நெல்லையப்பர் தேரோட்டம் தாங்கள் அறியாததல்ல. விநாயகர், சுப்பிரமணியர், சுவாமி, அம்பாள், சண்டிகேசுவரர் என ஐந்து தேர். சுவாமி தேர் மட்டும் 450 டன் என்கிறார்கள். அது நிலையை விட்டுக் கிளம்புவதற்குப் பல நாள் முன்பே நான்கு ரத வீதிகளிலும் அற்புதங்கள் தொடங்கிவிடும். கடை வாசலில் நீட்டிக்கொண்டிருந்த தகரம் உள்ளே போகும். தலைக்கு மேல் வலை பின்னிய வயர்கள் அவிழும். வருஷம் முழுவதும் பள்ளமாக இருந்த இடம் ஒரே ராத்திரியில் தார் பூசிக்கொள்ளும். தேரன்று ஒரு கார் வராது, ஒரு ஆட்டோ வராது. புல்லட்காரர்கூட வண்டியை எங்கோ விட்டுவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மனிதர்களைப் போல நடந்து வருவார். "வழி விடும்வே" என்று ஹாரன் சொல்லாத ஒரே நாள் அது.

2024 தேரோட்டத்தில் சுவாமி தேரின் வடம் அடுத்தடுத்து அறுந்தது நினைவிருக்கும். ஊரே பதறியது. அதிகாரிகள் ஓடினார்கள், மாற்று வடம் வந்தது, தேர் நகர்ந்தது. வாறுகால் மேல் போட்ட சிலாப் உடைந்தால் யாராவது இப்படி ஓடி வருகிறார்களா என்று கேட்க மாட்டோம். உடைந்த இடத்தில் ஒரு வேப்பங்கொப்பை நட்டுவைக்க நல்ல மனதுக்காரர் யாராவது இருப்பார். இலை காய்வதை வைத்து எத்தனை நாளாயிற்று என்று நாங்களே கணக்குப் பார்த்துக்கொள்வோம்.

இதிலிருந்து நாங்கள் புரிந்துகொண்டது: வண்டியை நிறுத்தி, ஆக்கிரமிப்பை அகற்றி, தெருவைக் காலுக்கு ஒப்படைக்கும் வித்தை இந்த ஊர் நிர்வாகத்துக்கு நன்றாகத் தெரியும். தேர் டீசலில் ஓடுவதில்லை. ஆயிரக்கணக்கானவர்கள் நடந்து இழுப்பதால் ஓடுகிறது. நடக்கிறவர்களுக்காக விரித்த வீதியில் மற்ற நாளெல்லாம் நாங்கள் பக்கவாட்டில், வயிற்றை உள்ளிழுத்துக்கொண்டு, நிறுத்தியிருக்கும் பைக் கண்ணாடிகளுக்கு நடுவே போய்க்கொண்டிருக்கிறோம். சாயங்காலம் இருட்டுக்கடை அல்வாவுக்கு நிற்கிற வரிசையில் நுழைந்தால்தான் கீழ ரத வீதியில் ஓரிடத்தில் பத்து நிமிஷம் பத்திரமாக நிற்க முடிகிறது.

ஆகவே எங்களையும் தேராகப் பதிவுசெய்யுங்கள். எடை குறைவு என்று தள்ளிவிடக் கூடாது. ஊர் மொத்தத்தையும் சேர்த்து நிறுத்துப் பார்த்தால் 450 டன் தாராளமாகத் தேறும்.

இந்த ஊருக்கு இதெல்லாம் புதுசா ஐயா? தாமிரபரணியைத் தோணியில் கடந்துகொண்டிருந்த காலத்தில், கலெக்டர் ஆபீசில் சிரஸ்தாராக இருந்த சுலோசன முதலியார் தன் கைப்பணத்தைப் போட்டுப் பாலம் கட்டினார். 1843இல் திறந்த பாலம். இன்றும் அவர் பெயரைச் சொல்லித்தான் ஜங்ஷனுக்கும் வண்ணார்பேட்டைக்கும் நடுவே ஆற்றைக் கடக்கிறோம். அன்று கார் இல்லை. நடக்கிறவர்களுக்கும் மாட்டுவண்டிக்கும் கட்டியது. ஓர் அரசு ஊழியர் சொந்தப் பணம் போட்டார் என்பதற்காகத் தாங்கள் மிரள வேண்டாம். நாங்கள் கேட்பது எங்கள் வரிப்பணம்தான். 2017இல் நம் ஊர் ஸ்மார்ட் சிட்டிப் பட்டியலில் ஏறியபோது பொதுப்பணமும் சேர்ந்து வந்ததாகப் பேச்சு.

அதைவிடப் பெரிய சங்கதி ஈரடுக்கு மேம்பாலம். ரயில் பாதைக்கு மேல் 1973இல் திறந்தது. மேலடுக்கில் பஸ்ஸும் லாரியும். கீழடுக்கில் சைக்கிளும் சின்ன வண்டிகளும் நடந்து போகிறவர்களும். கோபன்ஹேகனில் 2014இல் சைக்கிளுக்கென்று உயரப் பாலம் ஒன்று திறந்தார்கள். உலகமெங்கும் படம் பிடித்துப் போட்டார்கள். திருநெல்வேலி சைக்கிள்காரருக்கு அதற்கு 41 வருஷம் முன்பே ஓர் அடுக்கில் பங்கு கிடைத்துவிட்டது. பிறகு அந்தச் சின்ன வண்டிகள் பெருத்தன, பெருகின. இன்று கீழடுக்கில் சைக்கிள் மிதிப்பவர், பின்னால் வருகிற ஹாரனுக்குக் கட்டுப்பட்டு, சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு போகிறார். பாலம் இறங்கி எஸ்.என். ஹை ரோட்டில் டவுன் ஆர்ச்சைப் பார்த்துத் திரும்பினால் ஒட்டிக்கொள்ளச் சுவரும் இல்லை.

ஒரு காலத்தில் நகராட்சிகள் சைக்கிளுக்கு வரி வாங்கி வில்லை கொடுத்தன. விளக்கில்லாமல் போனாலோ டபுள்ஸ் அடித்தாலோ போலீஸ் பிடித்து நிறுத்தியது. அப்போது திட்டித் தீர்த்தோம். இப்போது யோசித்தால் அது எவ்வளவு பெரிய மரியாதை! எங்களைப் பார்த்தால்தானே பிடிக்க முடியும்? மறுபடியும் வரி போடுங்கள். வில்லை கொடுங்கள். கணக்கில் ஏறிவிட்டால் எங்களுக்கும் ஒரு கோப்பு உண்டாகும். கோப்பு உண்டானால் என்றைக்காவது ஒருநாள் அது நகரும்.

வேடிக்கை என்னவென்றால், சைக்கிளைக் கொடுப்பதே அரசுதான். 2001-02இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்கென்று ஆரம்பித்த விலையில்லா சைக்கிள் திட்டம், சில ஆண்டுகளில் அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளின் பிளஸ் ஒன் பிள்ளைகள் எல்லோருக்கும் விரிந்தது. பள்ளிகளுக்குப் பேர்போன பாளையங்கோட்டையில் காலை எட்டரை மணிக்கு நின்று பாருங்கள். சைக்கிளை ஒரு கை கொடுக்கிறது. அதை ஓட்ட வேண்டிய ஓரத்தை இன்னொரு கை கார் நிறுத்தக் கொடுத்துவிட்டது. முருகன்குறிச்சி முக்கில் ஒரு பிளஸ் ஒன் பிள்ளை சைக்கிளை உருட்டிக்கொண்டு ரோட்டைக் கடக்கிறதே, அதைச் செய்முறைத் தேர்வாக எடுத்துக்கொண்டு மதிப்பெண் போடலாம்.

பிளாட்பாரம் இல்லவே இல்லை என்று புகார் சொல்லவில்லை. வாறுகாலுக்குப் போட்ட மூடிக்குத்தான் நம் ஊரில் அந்தப் பெயர். இந்தியச் சாலைக் காங்கிரஸ் 2012இல் வெளியிட்ட வழிகாட்டியில், நடக்க 1.8 மீட்டர் அகலம் தடையில்லாமல் வேண்டும், விளிம்பு 150 மில்லிமீட்டருக்கு மேல் உயரக் கூடாது என்று இருக்கிறது. நம் பிளாட்பாரத்தில் ஏற மூட்டுவலிக்காரர் ஒருவர் கைகொடுக்க ஆள் தேட வேண்டும். பத்தடி போனதும் டிரான்ஸ்பார்மரைக் கும்பிட்டுவிட்டு இறங்க இன்னொரு ஆள் தேட வேண்டும். தடையில்லாத நடைபாதை வாழ்வுரிமையில் அடக்கம் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. அந்தச் செய்தி இன்னும் நடந்தே வருகிறதுபோல. வழியில் எங்கே இறங்கி ஏறுகிறதோ.

நடைபாதையைச் சரிசெய்யுங்கள் என்றதும் பூக்கார அக்காவின் கூடையை லாரியில் தூக்கிப் போட்டுவிட்டு வேலை முடிந்தது என்று படம் எடுத்துக்கொள்ள வேண்டாம். தெருவோர வியாபாரிகளுக்கும் 2014ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருகிறது. அக்காவைச் சுற்றிக்கொண்டு போக எங்களுக்குத் தெரியும். ஷோரூம்காரர் வாசலில் நிற்கிற காரைச் சுற்றப் போனால்தான் பஸ்ஸுக்கு முன்னால் போய் நிற்கிறோம்.

கேட்பதும் கொஞ்சம்தான். சென்னை பாண்டி பஜாரில் 2019இல் நடப்பவர்களுக்கென்று அகலமாக இடம் ஒதுக்கினார்கள். நம் ரத வீதிகளில் முதலில் சாயங்கால நேரத்துக்காவது வண்டிகளை வெளியே நிறுத்திப் பாருங்கள். ஜங்ஷனிலிருந்து ஆர்ச் வரை விட்டுவிட்டு இல்லாமல் ஒரே மட்டத்தில் ஒரு பிளாட்பாரம். கீழடுக்கில் சைக்கிளுக்கு ஒரு கோடு, அதை வண்டிகள் தாண்டாமலிருக்க ஒரு கட்டை. காலையில் குறுக்குத்துறைக்குக் குளிக்கப் போகிறவர்களுக்கு வெயில் ஏறுமுன் திரும்பி வர நிழலுள்ள ஒரு பாதை. பாளை பள்ளிகள் விடுகிற நேரத்தில் ரோட்டைக் கடக்க, பச்சை விளக்கு எரிகிற நேரத்தைப் பாட்டி ஒருத்தியின் நடைக்கு அளந்து வையுங்கள். தற்போது அது ஓட்டப்பந்தய வீரருக்கு அளந்ததாக இருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் வருகையை ரோட்டோரத்தில் எதிர்பார்க்கும்
மனுதாரர்கள்.

குறிப்பு: நேரில் ஆய்வுக்கு வருவதாக இருந்தால் ஜீப்பில் வர வேண்டாம். நிறுத்த இடமில்லை, பிளாட்பாரத்தில்தான் ஏற்றுவீர்கள்.

நகல்: ரோட்டைத் தோண்டும் துறைகள் அனைத்துக்கும், தனித்தனியாக. ஒன்றுக்கு அனுப்பினால் மற்றதுக்குச் சொல்வதில்லை என்பதால்.