மாறாப் படவியல்: ஈமாக்ஸ் ஆர்க் கோப்பில் நீலக் கோடு சிவக்காமை குறித்த ஆராய்ச்சி

நிரலும் உரையும் படமும் ஒரே கோப்பில் கூட்டுக்குடித்தனம் நடத்துவதை நோட்புக் என்பர். ஈமாக்ஸ் எடிட்டருக்குள் இதற்கு இடங்கொடுத்தது, வானியலாளர் கார்ஸ்டன் டொமினிக் 2003-இல் தொடங்கிய ஆர்க் மோட். அதன் பேபல் பகுதி பைத்தான் துண்டை ஓட்டி, மேட்பிளாட்லிப் வரைந்த படத்தை அதன் கீழேயே காட்டும். காட்ட வேண்டும் என்பது விதி. நம் ஆய்வுக்குரியது விதிவிலக்கு.

சிக்கலாவது: கோட்டின் நிறத்தை நீலத்திலிருந்து சிவப்பாக்கித் துண்டை ஓட்டுகிறோம். பிழைச்செய்தி ஏதுமில்லை. கோடு மட்டும் நீலமாகவே நிற்கிறது.

துண்டு ஓடவே இல்லை என்பார் ஒரு சாரார். துண்டின் தலையில் ‘கேச் யெஸ்’ என்றிருந்தால், நிரலின் ஷா-1 கைரேகையை ஒப்பிட்டு, மாறவில்லையெனில் பேபல் பழைய விடையையே தரும் என்பது அவர் சான்று. அது ஈண்டுப் பொருந்தாது. என்னை? நிறத்தை மாற்றியபோதே கைரேகையும் மாறிற்று. நிரலைத் தொடாமல் தரவுக் கோப்பை மட்டும் மாற்றியவர்க்கே அவ்விதி செல்லும்.

ஒரு பெயரில் சேமித்துவிட்டு வேறு பெயரில் தேடுகிறோம் என்பார் இன்னொரு சாரார். நிரல் ‘படம்1’ என எழுத, தலைவரி ‘படம்’ எனக் கேட்பதுண்டு. சிரிக்க வேண்டாம், நள்ளிரவுக்குப் பின் இதுவே பெருவழக்கு. ஓடிக்கொண்டிருக்கும் பைத்தான் செஷனில் பழைய படம் மூடப்படாமல் கிடக்கிறது என்பாரும் உளர். அங்ஙனமாயின் பழைய நீலத்தின் மேலேயே சிவப்பும் வரையப்படும். பழையதை ‘குளோஸ்’ செய்தால் தீரும்.

இனி எம் முடிபு. அதே கோப்பை வெளியே ஒரு பட வியூவரில் திறக்க. அங்கே கோடு சிவப்பு! ஆகவே குற்றம் வட்டில் இல்லை, ஈமாக்ஸின் நினைவில். ஒருமுறை ஏற்றிய படத்தை அது கோப்புப் பெயரால் நினைவில் வைத்துக்கொள்ளும். பெயர் அதுவேயானால் உள்ளே என்ன மாறிற்றென்று போய்ப் பார்ப்பதில்லை. பழைய படங்களைக் கழிக்க ஒரு கெடுவும் உண்டு: இயல்பாக 300 விநாடி. ஆனால் அந்நேரம் முழுதும் படம் திரையில் தோன்றாதிருக்க வேண்டும். நாமோ எப்போது சிவக்கும் என்று அதையே முறைத்துக்கொண்டிருக்கிறோம். கெடு எங்ஙனம் தொடங்கும்? கண்ணெடுக்காத கவனமே நோய்க்கு உரமாகிறது என்பது பெற்றாம்.

மருந்து ‘கிளியர்-இமேஜ்-கேச்’ என்னும் செயற்கூறு. அதன்பின் படத்தை மறைத்துக் காட்ட ஒரு விசையும் உண்டு: கன்ட்ரோலோடு சி, எக்ஸ், வி. உலகோர் நகலெடுத்து, வெட்டி, ஒட்டப் பயன்படுத்தும் மூன்றையும் ஒரே மூச்சில் அழுத்துவதை ஈமாக்ஸ் அடியார்கள் இயல்பென்றே கருதுவர். ஈமாக்ஸை மூடித் திறந்தாலும் சரியாகும். அதைச் சொன்னால் அவர்கள் முகம் சுளிப்பர். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பின்னும் படங்களைத் தானே புதுப்பிக்கும்படி பேபலின் ஹூக்கில் ஒரு வரி சேர்த்துவிடுவதே உத்தமம்.

ஐயம் அப்போதும் தீராதவர் படத்தின் தலைப்பிலேயே வரைந்த நேரத்தை விநாடி வரை அச்சிடலாம். ஆய்வேட்டைச் சமர்ப்பிக்குமுன் அதை நீக்கிவிடுக; இல்லையேல் ஆறு மாத உழைப்பாக எழுதப்பட்ட இயலின் படங்களெல்லாம் ஒரே அதிகாலை 3 மணிக்கும் 4 மணிக்கும் இடையில் வரையப்பட்டவை என்பதை வழிகாட்டி படித்துவிடுவார்.