பாலூ தம்பியைத் தெரியுமா?

கேள்வி: தாராவியில் கடைப் பலகை எழுதும் பெயின்டர்களின் எழுத்தை இனி கம்ப்யூட்டரே எழுதிவிடுமா?
– ஒரு வாசகர், மாட்டுங்கா

பதில்: எழுத ஆரம்பித்து வருஷங்கள் ஆகிவிட்டன. டெல்லியில் இருந்த ஹனீஃப் குரேஷி, தெருப் பெயின்டர்களின் எழுத்துகளை 'பெயின்டர் உமேஷ்', 'பெயின்டர் கஃபீல்' என்று அவரவர் பெயரிலேயே ஃபான்ட் ஆக்கினார். உங்கள் மும்பையின் 'ஏக் டைப்' குழுவோ, பலகைக்கேற்ற குண்டு எழுத்தாக 'பாலூ'வைச் செய்து இலவசமாகவே கொடுத்தது. அது தமிழில் 'பாலூ தம்பி', மலையாளத்தில் 'சேட்டன்', வங்காளத்தில் 'தா', பஞ்சாபியில் 'பாஜி' – எல்லாமே அண்ணன் தம்பிகள். தாராவிச் சந்து ஒன்றையே குடிவைத்துவிட்டார்கள்!

ஆனால், பலகையில் இடம் தீர்ந்தபின் 'ஸ்டோர்ஸ்' என்பதை இடுக்கி எழுதும் சாமர்த்தியம் எந்தத் தம்பிக்கும் வராது. இருந்தாலும், வேலையின் நடுவில் டீ கேட்காது என்பதால்தான் கடைக்காரர்களுக்கு ஃபான்ட்டைப் பிடிக்கிறது.