மேடையை விட்டு இறங்கும் கலை

பிரெடி மெர்க்குரியிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது மீசை மட்டும்தான். அதுவும் சரியாக வரவில்லை. கண்ணாடி முன் மார்பை நிமிர்த்தி நின்றபோது மனைவி எட்டிப் பார்த்தாள். "இஞ்சருங்கோ, அச்சா எங்கட ஊர் விதானையார் மாதிரி இருக்கிறியள்."

மொன்றியல் வந்த புதிதில், வேலையிடத்தில் எல்லோருக்கும் பெருமை பேச ஏதோ ஒன்று இருந்தது. எனக்கும் ஒன்று வேண்டியிருந்தது. "குயின் குழுவின் பாடகர் பிரெடி எங்கட ஆள்" என்று சொல்லி வைத்தேன். முழுப் பொய்யும் இல்லை. பின்னாளில் பிரெடி மெர்க்குரி ஆன பரோக் புல்சாரா என்ற பார்சிப் பிள்ளை 1946 இல் சான்சிபாரில் பிறந்து, மகாராஷ்டிரத்துப் பஞ்ச்கனியில் விடுதியில் தங்கிப் படித்தவர். 'தி ஹெக்டிக்ஸ்' என்ற பள்ளிக்கூடக் குழுவில் பியானோ வாசித்தவர். பஞ்ச்கனி உங்கள் ஊருக்கு எவ்வளவு தூரம் என்று ஒருவன் கேட்டான். நடுவில் ஒரு கடலும் பாதி இந்தியாவும் கிடப்பதை மறைத்து, "பக்கம்தான்" என்றேன்.

குயின் குழு 1981 நவம்பர் 24, 25 ஆகிய இரு இரவுகளில் மொன்றியல் ஃபோரம் அரங்கில் பாடியதை முழுநீளப் படமாக எடுத்தார்கள். அந்தத் தலத்தைத் தரிசிக்க ரொறொன்ரோவிலிருந்து வந்த மச்சானையும் கூட்டிக்கொண்டு அட்வாட்டர் மெட்ரோவில் இறங்கினேன். கனேடியன்ஸ் ஹொக்கி அணி 1996 இலேயே அங்கிருந்து போய்விட்டது. கட்டடத்துக்குள் இப்போது சினிமாவும் கடைகளும். "இங்கைதான் பிரெடி பாடினவர்" என்று தழுதழுத்தேன். "இப்ப என்ன படம் ஓடுது?" என்று கேட்டுக்கொண்டே மச்சான் பொப்கோர்ன் வரிசையில் போய் நின்றான்.

இதையெல்லாம் மன்னிக்கலாம். பாடியதைத்தான் மன்னிக்க முடியாது.

ஒரு பிறந்தநாள் விழாக் கரோக்கியில் 'போஹீமியன் ராப்சடி'யைத் தொட்டேன். 1975 இல் வந்த, ஆறு நிமிடத்துக்கு ஐந்து விநாடி குறைந்த பாட்டு. நடுவில் வரும் ஒபேரா பகுதிக்காக பிரெடி, பிரையன் மே, ரொஜர் டெய்லர் மூவரும் திரும்பத் திரும்பப் பாடி, குரல்மேல் குரலாக அடுக்கியிருக்கிறார்கள். அத்தனை பேருடைய பங்கையும் நான் தனியாளாகப் பாடினேன். குளியலறையில் அதிகம் பாடுபட்டது அந்த உச்சக்குரலுக்காகத்தான். அது பிரெடியின் குரலே அல்ல, டிரம்ஸ் வாசித்த ரொஜர் டெய்லரின் குரல் என்பது பிறகுதான் தெரிந்தது. இத்தனை காலமும் தவறான ஆளைப் போலப் பாடத் தவறியிருக்கிறேன்.

பிரெடி இறந்ததும் ஒரு நவம்பர் 24 தான், 1991 இல். அன்றைக்கு வீட்டில் அந்த மொன்றியல் படத்தைப் போடுவது என் வழக்கம். "உங்கட திவசம்" என்பாள் மனைவி. அப்படியொரு திவசத்தில்தான் மகள் திரையைக் காட்டிச் சொன்னாள்: "அப்பா, அந்த இடம் வரேக்கை அவர் உள்ளுக்குப் போறார், பாருங்கோ."

உண்மைதான். ஒபேரா பகுதி தொடங்கியதும் ஒலிநாடாவை ஓடவிட்டு நால்வரும் மறைந்துவிடுகிறார்கள். கிற்றார் முழங்கும் இடத்தில்தான் திரும்பி வருகிறார்கள். அதை மேடையில் பாடமுடியாது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. குரல்நாணில் முடிச்சு விழுந்திருந்த பிரெடி, இசைத்தட்டில் உச்சத்தில் பாடிய இடங்களைக் கச்சேரியில் பலமுறை கீழே இறக்கித்தான் பாடினார். அவ்வளவு பெரிய குரல் தன் எல்லையை அறிந்து ஒதுங்கியிருக்கிறது. எல்லையே தெரியாமல் கத்தியவன் நான்.

அடுத்த விழாவில் திருந்திவிட்டேன். ஒபேரா பகுதி வந்ததும் பிரெடியைப் போலவே மிடுக்காக இறங்கி நடந்தேன். மண்டபம் அதிரக் கைதட்டல். முழங்கும் இடம் பார்த்துத் திரும்பி வந்தால், மைக் வேறொருவர் கையில். எங்கள் சங்கத்துப் பெரியவர் ஒருவர் டி.எம்.எஸ். பாட்டில் இரண்டாவது சரணத்துக்குப் போயிருந்தார். அவரும் நல்ல மீசைதான் வைத்திருந்தார்.